அப்பா பெயருக்கு வந்த பார்சல்

அன்புள்ள குண்டூசிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான் நலம், உன் அப்பா என்னைவிட நலம், அதுதான் இப்போது எனக்குப் பிரச்சினை. நீ அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு, ஈரத் தலையோடு படுக்காமல், அந்தக் கடைவாய்ப் பல்லை டாக்டரிடம் காட்டி, நன்றாகத்தான் இருக்கிறாய் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன், இல்லையென்றால் அதைப் போனில் சொல். உடம்புக்குப் போன், புத்தகத்துக்குக் கடிதம் என்று நீ இங்கிருந்து கிளம்பின அன்றைக்கு நாம் இரண்டு பேரும் பேசிவைத்துக்கொண்டோமே, பன்னிரண்டு வருஷமாக நான் அதை மீறினதில்லை. இந்தக் கடிதமும் புத்தகத்தைப் பற்றியதுதான். ஆனால் நடுவில் நான் செய்த ஒரு காரியமும் வரும். அதை முதலிலேயே சொல்லிவிட்டால் நீ மீதியைக் கோபத்தோடு படிப்பாய், அதனால் வரிசையாகவே வருகிறேன்.

உன் அப்பாவின் முட்டி நன்றாக ஆறிவிட்டது. மூன்று மாடியும் கைப்பிடியைப் பிடிக்காமல் ஏறுகிறார். ஊரில் பாதி லிஃப்டை ரிப்பேர் பார்த்தவர் குடியிருக்கிற கட்டடத்தில் லிஃப்ட் இல்லை என்று கீழ்வீட்டுக்காரர் இன்னமும் அதே ஜோக்கைச் சொல்கிறார், இவரும் முதல் தடவை கேட்கிற மாதிரி சிரிக்கிறார். எங்கள் ஆஸ்பத்திரித் தையல் அறையில் நாலு மெஷினில் இரண்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். ஆபரேஷனுக்கு இப்போது ஒரு தடவை போட்டுத் தூக்கிப் போடுகிற காகித கவுன் வந்துவிட்டது, பட்டனும் இல்லை நாடாவும் இல்லை, தைக்க என்ன இருக்கிறது. படுக்கை விரிப்பும் தலையணை உறையும் மட்டும் கிழிந்துகொண்டே இருப்பதால் எனக்கும் கத்தரிக்கோல் அக்காவுக்கும் இன்னும் ஒரு வருஷம் வேலை உண்டு. வேலை குறைந்ததில் ஒரு லாபம், சாப்பாட்டு நேரம் நீண்டுவிட்டது, நாவல் வேகமாக ஓடுகிறது.

அப்படித்தான் அந்த மர டிப்போ அண்ணன் தம்பிகள் நாவலை முடித்தேன், எழுநூற்றுச் சொச்சம் பக்கம். அதைப் பற்றி உனக்கு ஒன்பது பக்கம் எழுதினேன், ஞாபகம் இருக்கிறதா. நடு அண்ணன்தான் அந்தக் கதையிலேயே பேசத் தெரிந்த ஆள், அவனை நாற்பதாம் பக்கத்திலேயே மரம் விழுந்து சாகடித்துவிட்டு, மீதி அறுநூற்று அறுபது பக்கத்துக்கும் அந்த இரண்டு மொக்கைகளோடு நம்மை உட்காரவைத்துவிட்டார் என்று எழுதினேன். அவன் சாகும்போது மழை வேறு. யாராவது சாகும்போது மழை பெய்தால் எனக்கு அந்த எழுத்தாளர்மேல் இருக்கிற மரியாதையில் பாதி போய்விடும், அழுகிற வேலையை வானத்திடம் ஒப்படைத்துவிட்டு அவர் டீ குடிக்கப் போய்விட்டார் என்றுதான் தோன்றும். அந்தப் பெரிய மருமகள் வெள்ளத்தில் இரண்டு நாள் கூரைமேல் உட்கார்ந்திருந்துவிட்டு இறங்கி வருகிறாள், அவள் சட்டையில் ஒரு பட்டன்கூட அறுந்திருக்கவில்லை. நாவல்களில் யாருக்கும் எதுவும் கிழிவதில்லை, கிழிந்தால் உணர்ச்சிவசப்பட்டு நடுமார்பில்தான் கிழியும், அக்குளில் தையல் விட்டுப்போன ஒரு ஆளை இதுவரை நான் படித்ததில்லை. இதெல்லாம் நீ ரசிப்பாய் என்று நினைத்து எழுதினேன். முன்பெல்லாம் நான் ஒரு புத்தகத்தின் பெயரைச் சொன்னால் நீ அங்கே அதைத் தேடி எடுத்து அதே வாரம் படிப்பாய், நான் இருநூறாம் பக்கத்தில் இருக்கும்போது நீ முந்நூறில் இருப்பாய், முடிவைச் சொல்லிவிடாதே என்று நான் கெஞ்சுவேன். இந்தத் தடவை உன் பதிலில் எனக்கு வந்தது ஒன்றரைப் பக்கம். அதிலும் புத்தகத்தைப் பற்றி ஒரே வரி, “இன்னும் படிக்கலம்மா, வேலை அதிகம்.” அதே உறைக்குள் உன் அப்பாவுக்கு நாலு பக்கம், ஓரத்தில் படம் வேறு வரைந்திருந்தாய். நான் எண்ணினேன். எண்ணவில்லை என்று பொய் சொல்லப்போவதில்லை.

இதெல்லாம் எங்கே ஆரம்பித்தது என்று உனக்குத் தெரியும், என் பக்கத்திலிருந்து எப்படி இருந்தது என்றுதான் தெரியாது. முட்டி ஆபரேஷன் ஆகி அவர் படுக்கையில் கிடந்தபோது, உன் நூலகத்துப் பிள்ளைகள் பிரிவில் இருக்கிற யானை லிஃப்டில் மாட்டிக்கொள்கிற படப் புத்தகத்தின் ஒரு பிரதியை விளையாட்டுக்கு அனுப்பிவைத்தாய். நாலாம் வகுப்போடு நின்றவர், வேலைக் குறிப்பேட்டைத் தவிர வேறு எதையும் எழுதாதவர், சும்மா புரட்டிவிட்டு வைத்துவிடுவார் என்றுதான் நானும் நினைத்தேன். அவர் அதை ஒரு வாரம் பார்த்தார். வயர் வரைபடத்தைப் பார்க்கிற மாதிரி கண்ணாடியைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார். அப்புறம் உனக்கு எழுதினார், லிஃப்ட் பார்த்து முடித்ததும் எழுதுகிற அதே தோரணையில், “கயிறு உண்டு. எதிர் எடை வரையவில்லை. கதவு சரி. யானை அழுத்தியது இரண்டாம் எண். ஆனால் பலகையில் நாலாம் எண்ணும் எரிகிறது. நாலை அழுத்தியது யார்?” மறுபடி முதல் பக்கத்திலிருந்து தேடி, யானையின் காது மடலுக்குப் பின்னால் ஒரு எலி வாலின் நுனியைக் கண்டுபிடித்தார். மூன்று வருஷமாக அந்தப் புத்தகத்தைப் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டுகிற நீயே பார்க்காத எலி. உடனே நீ என்ன செய்தாய், அலமாரியில் அந்தப் புத்தகத்துக்குக் கீழே ஒரு கார்டு எழுதி மாட்டி, அதைப் போட்டோ பிடித்து அனுப்பினாய். “எங்க அப்பா கேக்குறாரு: நாலை அழுத்தினது யாரு?” என்று. பிள்ளைகள் வரிசையில் நின்று எலியைத் தேடுகிறார்கள் என்று எழுதினாய். அந்தப் போட்டோவை அவர் கண்ணாடிக் கூட்டில் வைத்துக்கொண்டு முட்டி டாக்டரிலிருந்து தபால்காரர்வரைக்கும் காட்டினார். பன்னிரண்டு வருஷத்தில் நான் உனக்கு எத்தனை நாவலைப் பற்றி எழுதியிருப்பேன் குண்டூசி. எந்த அலமாரியிலாவது “எங்க அம்மா சொல்றாங்க” என்று ஒரு கார்டு உண்டா. பெரியவர்கள் பிரிவு உன்னுடையது இல்லை என்று நீ சொல்லுவாய். சரிதான். ஆனாலும் உண்டா.

அதற்கப்புறம் பதினைந்து நாளுக்கு ஒரு பார்சல். என்னுடைய நூலகத்தில் இருக்கிற அந்தக் கெடுபிடி அம்மா, இருபது வருஷமாக என் முகத்தை நிமிர்ந்து பார்க்காமலே முத்திரை குத்துகிறவள், இப்போது என்னைப் பார்த்ததும் “சார் வரலையா? புதுசா ரெண்டு படப் புத்தகம் வந்திருக்கு, அவருக்குன்னு எடுத்துவெச்சிருக்கேன்” என்கிறாள். நான் பையில் ஒரு தடி நாவலை வைத்துக்கொண்டு, அவருக்காக ஒரு வாத்தும் ஒரு தவளையும் சுமந்துகொண்டு மாடி ஏறுகிறேன். வீட்டில் அவர் என்னிடம் விசாரிப்பதெல்லாம், கரடி சட்டை போட்டிருக்கிறதே, ஏன் கால்சட்டை போடவில்லை என்று. நான் ஒரு நல்ல அத்தியாயத்தில் மூழ்கியிருக்கும்போது இதைக் கேட்டால் எப்படி இருக்கும். படப் புத்தகம் எல்லாம் ஒரு புத்தகமா, அரை மணி நேரத்தில் ஆரம்பித்து முடிகிறது, ஒருவரும் யாருக்கும் துரோகம் செய்வதில்லை, வயதாவதில்லை, கடைசியில் எல்லோரும் தூங்கிவிடுகிறார்கள் என்று ஒரு நாள் எரிந்து விழுந்தேன். அவர் கோபிக்கவில்லை. “அப்படியும் ரெண்டு இருக்கட்டும்மா” என்றார். அதுவும் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

பிறகு நீ அந்த நிலா புத்தகத்தை அனுப்பினாய், நிலா இறங்கி வந்து ஒரு குழந்தையோடு பந்தாக விளையாடுகிற புத்தகம், நீ உயிராக நினைக்கிறது. அவருக்குப் பிடிக்கவில்லை. உனக்கு அப்படியே எழுதிவிட்டார். எல்லாப் பக்கத்திலும் அந்தக் குழந்தை தனியாக இருக்கிறது, எதிர்வீட்டு ஜன்னலில்கூட விளக்கு இல்லை, மேஜைமேல் ஒரே ஒரு தட்டு, நிலா வந்தது சந்தோஷம், ஆனால் இந்தப் பிள்ளையைத் தனியாக விட்டுவிட்டு எல்லோரும் எங்கே போனார்கள் என்று. அந்தக் கடிதத்தை நான்தான் தபாலில் சேர்த்தேன். உள்ளுக்குள் எனக்கு ஒரு குஷி. இனிமேல் இவள் இவருக்கு அனுப்பமாட்டாள் என்று நினைத்தேன். பெற்ற தாய் நினைக்கிற நினைப்பா இது என்று நீ கேட்கலாம். இதுதான் நினைத்தேன்.

அதற்கு அடுத்த வாரம் பார்சல் வந்துவிட்டது. அன்றைக்கு அவர் முட்டிப் பயிற்சிக்குப் போயிருந்தார், நான் வேலை முடித்து வரும்போது படிக்கட்டுக்கு அடியில், அன்றைக்குத் தாமதமாக வந்த தபால்காரர் எதிர்ப்பட்டு என் கையில் கொடுத்தார். அவர் பெயர்தான் எழுதியிருந்தது. நான் வீட்டுக்கு வந்து, கையைக்கூடக் கழுவாமல், தையல் கத்தரியால் பிரித்தேன். ஒரு பஸ் படம் போட்ட புத்தகம், உள்ளே ஒரு வார்த்தைகூட இல்லை, அட்டையில் தலைப்பு மட்டும்தான். அதற்குள் உன் கடிதம். உன் கையெழுத்தில், “அப்பா, இதுல வார்த்தையே கிடையாது. இதை உங்களாலதான் படிக்க முடியும். அம்மாகிட்ட குடுத்தா பத்து நிமிஷத்துல முடிச்சிட்டு, கதை எங்கடின்னு கேப்பாங்க.” நின்றபடியே நான் அந்தப் புத்தகத்தைப் புரட்டினேன். ஒரு பஸ், மழை, சீட்டில் ஒரு சிவப்புக் கையுறை கிடக்கிறது, யாரோ எடுத்து டிரைவரிடம் கொடுக்கிறார்கள், அடுத்த பக்கம் பார்த்தால் மறுபடி சீட்டில் கிடக்கிறது. முடிந்தது. கடிகாரத்தைப் பார்த்தேன், பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. கதை எங்கே என்று வாய்விட்டே கேட்டேன். நீ சொன்னதை அப்படியே செய்துவிட்டேன் என்கிற ஆத்திரத்தில் எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. அந்தப் பார்சலை மெஷின் மேஜையின் கீழ் டிராயரில், துணித் துண்டுகளுக்கு அடியில் வைத்து மூடினேன். ஒரு நாள் இருக்கட்டும் என்றுதான் வைத்தேன்.

நாவலில் ஒருத்தருக்கு வந்த கடிதத்தை இன்னொருத்தர் ஒளித்துவைத்தால் நான் என்ன சொல்லுவேன் என்று உனக்கு மனப்பாடமாகத் தெரியும். வேறு வழி தெரியாத எழுத்தாளர் செய்கிற வேலை, எந்த மனுஷி அப்படிச் செய்வாள் என்று குறைந்தது ஐந்து தடவை உனக்கு எழுதியிருப்பேன். இப்போது தெரிந்துவிட்டது எந்த மனுஷி என்று. ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்து, அப்பா குளிக்கப் போயிருக்கிறார் என்றதும் குரலைத் தாழ்த்தி, பார்சல் வந்ததா என்று என்னிடம் கேட்டாய். இன்னும் வரவில்லை என்றேன். “தபால் லேட்டாகும்போல, அவர்கிட்ட சொல்லிடாதம்மா, அதுவா வரட்டும்” என்றாய். எனக்கு அதுவும் வசதியாகப் போய்விட்டது. உன் அப்பாவோ தினமும் பத்தரை மணிக்குச் சட்டை மாற்றிக்கொண்டு மூன்று மாடி இறங்கித் தபால் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு ஏறினார். முட்டிக்கு நல்லது என்று என்னிடம் காரணம் சொன்னார். இரண்டாவது வாரம் தபால்காரர் “பெரியவரே, இன்னிக்கும் ஒண்ணுமில்ல” என்று கீழேயிருந்தே குரல் கொடுக்கத் தொடங்கினார். நான்தான் வாங்கிக்கொண்டு போனேன் என்று அந்த மனிதருக்கு ஞாபகம் வந்துவிடுமோ என்று நான் விடுமுறை நாளில் கதவுக்குப் பின்னால் காதை வைத்துக்கொண்டு நின்றேன். மூன்றாவது வாரம் உன் அப்பா இறங்குவதை நிறுத்திவிட்டார். முட்டி வலிக்கிறதா என்று கேட்டேன். “இல்ல, சும்மாதான்” என்றார். பழைய புத்தகங்களை எல்லாம் எடுத்து அடுக்கி, ஒரு நாடாவால் கட்டி, அலமாரிக்கு மேலே வைத்தார். அதைப் பார்த்துக்கொண்டு நான் எதிரிலேயே உட்கார்ந்து நாவல் படித்தேன், ஒரே பக்கத்தை நாலு தடவை படித்தேன்.

போன சனிக்கிழமை சாயங்காலம் அவர் ஒரு தாளைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். “பொண்ணுக்கு எழுதியிருக்கேன். எழுத்துப்பிழை மட்டும் பாத்துக் குடு. அர்த்தத்தை நீ பாக்க வேண்டாம்” என்றார். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். நானும் நிஜமாகவே அர்த்தத்தைப் பார்க்காமல்தான் ஆரம்பித்தேன், கிழிசலைத் தைக்கும்போது அது யார் படுத்த விரிப்பு என்று பார்ப்பதில்லையே, அந்த மாதிரி. சிவப்புப் பேனாவை எடுத்து, வருத்தமா என்பதை வறுத்தமா என்று, கடலையை வறுத்த மாதிரி, எழுதியிருந்ததை மாற்றினேன். மன்னிச்சிடு என்பதற்கு மூன்று சுழி ண போட்டிருந்தார், அதையும் அடித்து இரண்டு சுழி போட்டேன். நாலு வரி தள்ளி, பொராமை என்று இருந்தது. ர எழுத்தை அடித்து மேலே ற போட்டேன். பேனாவை எடுத்த பிறகுதான் அந்த வாக்கியம் என் கண்ணில் பட்டது. அப்புறம் நான் மேலேயிருந்து அர்த்தத்தோடு படித்தேன்.

உனக்குத்தான் எழுதியிருந்தார். “கண்ணு, நிலா புத்தகம் பிடிக்கலன்னு எழுதிட்டேன். நீ அங்க தனியா இருக்கிறவ. அந்தப் பிள்ளையைத் தனியா விட்டது யாருன்னு கேட்டிருக்கேன், உன்னை ரயில் ஏத்தி அனுப்பினதே நான்தானே, அது எனக்கு அப்ப தோணல. உனக்கு வருத்தமா இருந்திருக்கும். அதான் மூணு வாரமா ஒண்ணும் வரல. மன்னிச்சிடு. எனக்குப் புத்தகம் அனுப்பாட்டி பரவாயில்ல, அம்மாவுக்கு எழுதுறதைக் கொறைச்சிடாத. நான் இதுல எறங்கினதே பொறாமையிலதான். முப்பத்தாறு வருஷமா அவ என் பக்கத்துல உக்காந்துகிட்டு புத்தகத்தைப் பாத்துச் சிரிப்பா, கண்ணைத் தொடைப்பா. யாரைப் பாத்துச் சிரிக்கிறா, யாருக்காக அழுறான்னு எனக்குத் தெரியாது. எனக்குக் காய்ச்சல் வந்தப்பகூட ஒரு கை என் நெத்தியில இருந்துச்சு, இன்னொரு கை பக்கத்தைத் திருப்புச்சு. நீ வளந்தப்புறம் நீங்க ரெண்டு பேருமா சேந்து சிரிச்சீங்க. நான் கதவுக்கு எண்ணெய் போட வந்தவன் மாதிரி நின்னுகிட்டு இருந்தேன்.” இவ்வளவுதான். கீழே கையெழுத்து.

எனக்கு அந்தக் காய்ச்சல் ஞாபகம் இருக்கிறது, என்ன நாவல் என்பதும் ஞாபகம் இருக்கிறது. அவர் கண்ணை மூடியிருந்தார், தூங்குகிறார் என்று நினைத்தேன். நான் எழுந்து போய் மெஷின் டிராயரைத் திறந்து, துணித் துண்டையெல்லாம் தரையில் தள்ளிவிட்டு, பார்சலைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தேன். “இது வந்து இருபத்திரண்டு நாள் ஆச்சுங்க. நான்தான் ஒளிச்சுவெச்சேன்” என்றேன். அவர் உறைமேல் இருந்த தபால் முத்திரையைப் பார்த்தார், கத்தரி போட்ட ஓரத்தைப் பார்த்தார், உன் கடிதத்தை எடுத்து மெதுவாகப் படித்தார். கத்துவார் என்று காத்திருந்தேன், கத்தியிருந்தால் எனக்கும் பதிலுக்குச் சொல்ல நாலு வார்த்தை தயாராக இருந்தது. “அப்ப அவ கோவிச்சுக்கலையா?” என்று மட்டும் கேட்டார். இல்லைங்க என்றேன். நாற்காலியில் உட்கார்ந்து, பார்சலை மடியில் வைத்து, அதன்மேல் கையை வைத்துக்கொண்டார். “ரொம்பப் பயந்துட்டேன்” என்றார். என்னைத் திட்டுகிற மாதிரிகூட இல்லை, சும்மா ஒரு தகவல் சொல்கிற மாதிரி. அப்புறம் தலையைத் தூக்கி, “நீ பாத்துட்டியா? எப்படி இருக்கு?” என்று கேட்டார். முப்பத்தாறு வருஷத்தில் ஒரு புத்தகம் எப்படி இருக்கிறது என்று அவர் என்னைக் கேட்டது அதுதான் முதல் தடவை. நானும் அவர் கேட்கவில்லையே என்று நினைத்ததில்லை, நீ இருந்தாய் எனக்கு. ஒன்றும் இல்லைங்க அதில், படம் போட்டவருக்கே ஞாபகமறதி, டிரைவரிடம் கொடுத்த கையுறையை அடுத்த பக்கத்தில் மறுபடி சீட்டில் போட்டுவைத்திருக்கிறார் என்று என் அபிப்பிராயத்தைச் சொன்னேன்.

நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப்போட்டு இரண்டு பேரும் பார்த்தோம். அவர் வழக்கம்போல் மூன்று தடவை முன்னும் பின்னும் புரட்டிவிட்டு, “மறதி இல்லம்மா. டிரைவர் சீட்டுக்குப் பின்னாடி கொக்கியைப் பாரு, அந்தக் கையுறையோட ஜோடி தொங்குது. அவரோடதுதான். அவரேதான் ஒவ்வொரு தடவையும் கொண்டுபோய் சீட்டுல போடுறாரு” என்றார். எதற்கு என்றேன். “யாராவது எடுத்துக்கிட்டு முன்னாடி வந்து, இது யாரோடதுன்னு கேட்டு ரெண்டு வார்த்தை பேசுவாங்கல்ல. நாள் பூரா இவர் முதுகை மட்டும் பாத்துக்கிட்டுப் போறவங்கதானே எல்லாரும்” என்றார். லிஃப்ட் கூண்டுக்கு மேலே இருட்டில் ஒற்றையாக நின்று வேலை பார்த்தவருக்கு அது ஒரு நொடியில் தெரிகிறது, எனக்குத் தெரியவில்லை. எனக்கு மறுபடியும் அந்தச் சூடு காதில் ஏற ஆரம்பித்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, இவர் பார்க்காதது ஒன்று இருக்காதா என்று நானும் ஒரே பிடியாகப் பிடித்துக்கொண்டு தேடினேன். இருந்தது குண்டூசி. முதல் பக்கத்திலிருந்து அந்தக் கையுறையின் கட்டைவிரல் நுனியில் ஒரு ஓட்டை. பெரிய பையோடு ஒரு வயதான பெண் ஏறுகிற பக்கத்துக்கு அடுத்த பக்கம், சீட்டில் கையுறையே இல்லை, டிரைவரிடமும் இல்லை. அதற்கும் அடுத்த பக்கம் அது டிரைவரின் கையில் இருக்கிறது, ஓட்டை இல்லை. கொஞ்சம் அடர்ந்த சிவப்பு நூலைக் குறுக்கும் நெடுக்குமாக ஓட்டி அடைத்திருக்கிறார்கள், மொத்தம் ஒன்பது இழை, கோணல் இல்லாத வேலை. அவள் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்த் தைத்துக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள், கடைசிப் பக்கத்தில் டிரைவர் அதைக் கையில் மாட்டியிருக்கிறார், சீட்டில் எதுவும் போடவில்லை. நான் காட்டினதும் உன் அப்பா புத்தகத்தை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, “இது எனக்குப் படவே இல்லையே” என்றார். எனக்கு வந்த சந்தோஷம் ஒன்றும் உயர்ந்த ரகச் சந்தோஷம் இல்லை, வெளிப்படையாகவே சொல்கிறேன், ஜெயித்த சந்தோஷம். கார்டில் எழுதுகிறபோது கொக்கி அப்பா சொன்னது, ஒன்பது இழை அம்மா சொன்னது என்று பிரித்து எழுது. கலந்து எழுதாதே.

மறுநாள் அவர் உனக்கு வேறு கடிதம் எழுதினார். இதற்கு முன்னாலேயே அது உனக்குக் கிடைத்திருக்கும். பார்சல் நேற்றுத்தான் வந்தது, தபாலில் எங்கேயோ சிக்கிக்கொண்டுவிட்டது என்று எழுதியிருப்பார். அதையும் என்னிடம்தான் பிழை பார்க்கக் கொடுத்தார், இந்தத் தடவை ஒரு எழுத்துகூடத் தப்பில்லை, எத்தனை தடவை எழுதிப் பார்த்தாரோ. எதிர் எடை வரையவில்லை என்று யானைப் புத்தகத்தில் குற்றம் கண்டுபிடிக்கிறவர் எனக்காக ஒரு பொய்யை இவ்வளவு சுத்தமாக எழுதியிருக்கிறார். “அவளுக்கு எதுக்குத் தெரியணும், உன் மேல இருக்கிற மரியாதை அப்படியே இருக்கட்டும்” என்றார். என்னால் அதைத் திருத்தவும் முடியவில்லை, அப்படியே விடவும் முடியவில்லை. நானே அந்தக் கடிதத்தைத் தபாலில் சேர்த்தேன், திரும்பி வந்து இதை எழுத உட்கார்ந்தேன். பார்சல் தபாலில் சிக்கவில்லை, என்னிடம்தான் சிக்கியிருந்தது.

இன்னொன்று. அந்த முதல் தாளைக் கிழித்துப் போடச் சொன்னார். சரி என்றேன், போடவில்லை. இதோடு மடித்து வைத்திருக்கிறேன். அவருக்கு நீ எழுதினதை நான் ஒளித்துவைத்தாயிற்று, உனக்கு அவர் எழுதினதையும் ஒளித்துவைக்க எனக்குத் துணிச்சல் இல்லை. சிவப்பு மை என்னுடையது, நடுவில் நின்றுபோயிருக்கும், அதற்குக் கீழே பிழைகள் அப்படியே இருக்கும், பொறுத்துக்கொள். அவருக்கு எழுதும்போது நிலா புத்தகத்தைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தை பேசு. நீ அங்கே தனியாக இல்லை என்றால் யார் யார் இருக்கிறார்கள் என்று எழுது, தனியாகத்தான் இருக்கிறாய் என்றால் அதையும் எழுது. மழுப்பினால் கண்டுபிடித்துவிடுவார், மேஜைமேல் எத்தனை தட்டு என்று எண்ணுகிற ஆள்.

எல்லாம் உனக்கு நல்லபடியாக அமையட்டும், உன் அறைக்கு வெளிச்சமும் உன் அலமாரிக்குப் பிள்ளைகளும் குறையாமல் வரட்டும், நீ நினைத்தது நடக்கட்டும் கண்ணு. குளிருக்கு அந்தத் தடித்த கோட்டையே போடு, கை நீளம் என்று வெட்டிவிடாதே, உள்ளே மடித்துத் தைத்துக்கொள். மறக்காமல் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று, எனக்கும் அப்பாவுக்கும் இனிமேல் ஒரே உறையில் போடாதே. தனித்தனியாகப் போடு. நாங்கள் பிரித்துவிட்டு மாற்றிக்கொள்கிறோம்.

என்றும் உன்னை நினைத்துக்கொண்டிருக்கும்,
கொஞ்சம் வெட்கத்தோடு,
உன் அம்மா